இடது பக்கத்துச் சக்கரம்

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா டாக்டர்?”

“சக்கரம் கழண்டு போச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“தானா கழண்டுச்சா, யாராவது கழட்டினாங்களா?”

“ஷெட்டுல மேல் தட்டுல ஒரு மரப்பெட்டி இருக்கு. அதையும் பாருங்க.”

“பெட்டியில என்ன?”

“பாருங்க.”

காலையில் பல் டாக்டரோடு நடந்த பேச்சு இவ்வளவுதான். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லியே முப்பத்தைந்து வருடம் பிழைத்த மனிதர், தன் வாயை இப்படி இறுக்கிப் பூட்டி வைத்திருப்பார் என்று சர்வேயர் எதிர்பார்க்கவில்லை. இடது காறை எலும்பு முறிந்து, கை துணித் தொட்டிலில் கழுத்தோடு தொங்க, அவர் தன் கிளினிக்கில் நோயாளிகளின் நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தார். வேறு உட்கார இடமில்லாமல் இல்லை. அந்த வீட்டில் ஆறு நாற்காலிகள் இருந்தன. உட்காரத்தான் ஆளில்லை.

சர்வேயர் என்பது அவளுடைய பெயரல்ல. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுவது இருபது வருடம் அவள் வேலையாக இருந்தது. வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்த பிறகும் பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. உதவியாளரும் அப்படித்தான். ரிட்டயர் ஆகி இரண்டு வருடமாகியும் அவர் கண்டக்டர்தான். விசில்கூட இன்னும் சட்டைப்பையில் இருந்தது.

“சந்தேகம் இல்லைன்னா நம்மள எதுக்கு மேடம் கூப்பிட்டாரு?” என்றார் கண்டக்டர், ஷெட்டின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டே.

“அதான் எனக்கும் புரியல.”

“ஊருக்கே சந்தேகம் இருக்கு. பக்கத்து லேத் பட்டறைக்காரர்தான் ஆள்னு டீக்கடை வரைக்கும் தீர்ப்பு சொல்லியாச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏட்டு வந்து டாக்டர்கிட்ட வாக்குமூலம் எழுதறாராம். அதோட அந்த ஆளு கதை முடிஞ்சுது.”

“மணி என்ன?”

“பதினொண்ணே முக்கால். அஞ்சே கால் மணி நேரம் ஓட்டம். நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது.”

ஷெட்டுக்குள் அந்தக் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜாக்கியின் தயவில் நின்றது. குள்ளமான, கூரையில்லாத, கரும்பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். சர்வேயரைவிட வயதில் மூத்தது. இரண்டே இருக்கைகள்.

“ரெண்டே சீட்டு!” கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க வேலைக்கு உலை வச்சிருக்கான் பாருங்க, இதைச் செஞ்சவன்.”

சுவரோரம் நான்கு பழைய இரும்புச் சக்கரங்கள், தட்டைக் கவிழ்த்து வைத்தது போல, வரிசையாகச் சாய்ந்திருந்தன. பன்னிரண்டு வருடம் காரைத் தாங்கியவை. அவற்றைக் கழற்றிவிட்டு, போன வாரம்தான் டாக்டர் கம்பிச் சக்கரங்களை மாட்டியிருந்தார். சைக்கிள் சக்கரம் போல ஸ்போக்ஸ் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய, வெள்ளி மாதிரி மின்னும் சக்கரங்கள். மாட்டிய அழகைப் பார்க்க ஊரைச் சுற்றி வரக் கிளம்பினார். ஏழாவது கிலோமீட்டரில், பாலத்துத் திருப்பத்தில், இடது முன் சக்கரம் காரைவிட்டுக் கழன்று அவரை முந்திக்கொண்டு ஓடியது.

“டிக்கெட்டே வாங்காம இறங்கி ஓடியிருக்கு,” என்றார் கண்டக்டர்.

சர்வேயர் சாலையில் பொறுக்கியெடுத்த நட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதாரணச் சக்கரத்துக்கு நாலைந்து நட்டுகள் இருக்கும். கம்பிச் சக்கரத்துக்கு நடுவில் ஒன்றே ஒன்று. உள்ளங்கை அகலத்துக்குப் பெரியது. இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதில் சுத்தியலால் தட்டித்தான் இறுக்க வேண்டும், தட்டித்தான் கழற்ற வேண்டும். இரும்புச் சுத்தியல் பட்டால் காது நசுங்கிவிடும் என்பதால் செம்புச் சுத்தியல். ஊரில் அது லேத் பட்டறைக்காரரிடம் மட்டுமே இருந்தது. டாக்டருக்கு இரவல் கொடுத்திருந்தார். விபத்துக்கு முந்தின நாள் தனியாக ஷெட்டுக்கு வந்து அதைத் திரும்ப எடுத்துப் போயிருக்கிறார். அவர் மேல் சந்தேகம் விழ அது போதுமானதாக இருந்தது.

“இங்க பாருங்க கண்டக்டர். காதுல சிவப்பா தெரியுதே, என்ன அது?”

“செம்பு. சுத்தியல் பட்ட இடம்.”

“ரெண்டு காதுலயும் ஒரே முகத்துலதான் பட்டிருக்கு. எதிர் முகம் ரெண்டும் சுத்தம். ஒரே திசையிலதான் அடி விழுந்திருக்கு. இறுக்கினவர் அடிச்சாரு. கழட்டினவர்னு யாராவது இருந்தா, எதிர் முகத்துல அடையாளம் இருக்கணும்.”

“இல்லையே.”

“இல்ல.”

“அப்ப யாருமே கழட்டல?” கண்டக்டரின் முகம் மலர்ந்தது. “முடிஞ்சுது கேஸ்! பதினைஞ்சு நிமிஷம். வாங்க, சாப்பிடப் போவோம்.”

“அவ்வளவு இறுக்கி அடிச்ச நட்டு ஏழே கிலோமீட்டர்ல எப்படிக் கழண்டுச்சு?”

கண்டக்டரின் முகம் மறுபடி வாடியது.

சர்வேயர் குந்தி உட்கார்ந்து, சக்கரம் போன இடத்தில் துருத்திக்கொண்டிருந்த ஹப்பில் அந்த நட்டைப் பொருத்திக் கையால் திருகினாள். ஹப்பைச் சுற்றிலும் பல் பல்லாக வெட்டியிருந்தது. சக்கரம் அந்தப் பற்களில் கோத்து நிற்கும். அதற்கு மேல் நட்டு மூடும்.

“தப்பாச் சுத்தறீங்க மேடம். பாட்டில் மூடிய எந்தப் பக்கம் திருகுவாங்க?”

“தப்பாச் சுத்தினாதான் இது ஏறுது. எதிர் மரை.”

அவள் எழுந்து வலது முன் சக்கரத்துக்குப் போனாள். மரச் சுத்தியலால் தட்டி அந்த நட்டையும் கழற்றினாள். அதுவும் எதிர் மரை. இடது பின் சக்கரத்துக்கு வந்தாள். அது பாட்டில் மூடி போல நேர் மரை. முன் நட்டுகள் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். செம்பு பட்ட முகங்கள் இரண்டிலும் ஒரே பக்கம் பார்த்தன.

“கண்டக்டர், உங்க செருப்பைக் கழட்டி இதுக்குப் பக்கத்துல வைங்க.”

வைத்தார்.

“ரெண்டும் ஒண்ணா?”

“எப்படி ஒண்ணாகும்? ஒண்ணு வலது கால், ஒண்ணு இடது.”

“இதுவும் அப்படித்தான் இருக்கணும். கார் முன்னால போறப்ப வலது சக்கரம் ஒரு பக்கம் சுத்தும், இடது சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தும். வெளியில நின்னு பாத்தா தெரியும். அதனாலதான் வலது பக்கத்துக்கு எதிர் மரை, இடது பக்கத்துக்கு நேர் மரை. சரியான பக்கத்துல போட்டா ஓட ஓட இறுகும். பக்கம் மாறிப் போட்டா ஓட ஓடக் கழலும்.”

கண்டக்டர் நட்டுகளைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். “அப்ப டாக்டர் ரெண்டு காலுக்கும் வலது கால் செருப்பையே போட்டுட்டு வாக்கிங் போயிருக்காரு.”

“மூணு நட்டு பழசு. இது ஒண்ணு மட்டும் புதுசு. ஹப்பும் புதுசு. எதுக்கு? அந்தப் பெட்டிய இறக்குங்க.”

மேல் தட்டில் இருந்த மரப்பெட்டியின் உள்ளே பஞ்சுத் துணி மெத்தையில் நான்கு பள்ளங்கள். மூன்றில் எண்ணெய்க் கறை ஊறியிருந்தது. நான்காவது பள்ளம் வெளுத்துக் காய்ந்து, பல வருடமாக எதுவும் படாமல் கிடந்தது. அதன் அருகே வெள்ளையாக ஏதோ இருந்தது. பிளாஸ்டரில் வார்த்த அச்சு. பல் கட்ட டாக்டர்கள் தாடைக்கு எடுப்பார்களே, அதே மாவில் ஒரு நட்டு, ஒரு ஹப்பு.

“நட்டுக்கு யாராவது பல் செட்டு கட்டுவாங்களா?” என்றார் கண்டக்டர்.

சர்வேயர் அச்சைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டைச் சுற்றிலும் பார்த்தாள். வந்ததிலிருந்தே எதுவோ உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது தெரிந்தது. காருக்கு வலது புறம் ஒரு முக்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்தது. இடது புறமும் ஒரு முக்காலி, தூசி படிந்தது. வலது சுவரில் ஸ்பேனர்கள். இடது சுவரிலும் அதே ஸ்பேனர்கள், அதே வரிசையில், ஆனால் ஒரு முழம் தாழ்வாக. கடைசி ஆணியில் ஒரு ஜோடிக் கையுறை. கண்டக்டர் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். நான்கு விரல்களின் பாதிக்கு மேல் ஏறவில்லை.

“இடது டிரம்மைக் கழட்டணும். பிடிங்க.”

கார் பழையது என்பதால் டிரம் பிரேக். இரும்பு டிரம் ஒன்று ஹப்போடு சேர்ந்து சுற்றும். உள்ளே பிறை வடிவில் இரண்டு கட்டைகள் விரிந்து அதை அழுத்தி நிறுத்தும். சாலையில் தேய்ந்து ஒரு பக்கம் மழுங்கிப்போன டிரம்மை இருவரும் சேர்ந்து இழுத்தெடுத்தார்கள். வலது பக்கத்தில் டாக்டர் புத்தம் புதுக் கட்டைகள் போட்டிருந்தார். இங்கே பழைய கட்டைகளே இருந்தன. விளிம்பில், எது மேல் எது கீழ் என்று அடையாளம் தெரிய, இரண்டு சிவப்புப் பொட்டுகள்.

கண்டக்டர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகர்ந்தார். “மேடம்... இது நகப்பூச்சு.”

சர்வேயர் அந்தப் பொட்டுகளை விரலால் தடவிப் பார்த்தாள். வேறு யாராவது என்றால் தேய்ந்த கட்டைகளைத் தூக்கி எறிந்திருப்பார்கள். டாக்டர் ஹப்பை மாற்றியிருக்கிறார், டிரம்மை மாட்டியிருக்கிறார், இந்தக் கட்டைகளை மட்டும் தொடவில்லை. தொட மனம் வரவில்லை.

“நாலு நட்டுல ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போற திருடனைப் பார்த்திருக்கீங்களா கண்டக்டர்?”

“நாலு பேர் டிக்கெட்டுல ஒரு டிக்கெட்டை மட்டும் கிழிச்சுட்டுப் போற கேஸ் பார்த்திருக்கேன். குடும்பத்தோட கிளம்பினவங்க, பாதி வழியில சண்டை.”

“அதேதான்னு நினைக்கறேன்,” என்றாள் சர்வேயர்.

லேத் பட்டறையில் மோட்டார் ஓடவில்லை. இரும்புச் சுருள்கள் குவிந்து கிடந்த தரையில், பட்டறைக்காரர் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடிய முகம்.

“காலையிலேருந்து ஒரு ஆள் வரல மேடம். வந்தவங்களும் வாசல்லயே திரும்பிட்டாங்க.”

“அந்த நட்டு, ஹப்பு ரெண்டும் நீங்க கடைஞ்சதா அண்ணே?” என்றார் கண்டக்டர்.

“நானேதான். மறைக்க என்ன இருக்கு? டாக்டர் மாவுல அச்சு எடுத்துக் கொடுத்தாரு. நம்மகிட்ட வேலைன்னா பம்ப் ஷாஃப்ட்டு, புல்லி, இதுதான். கார் சமாச்சாரம் தெரியாது. ‘இதே மாதிரிதானே டாக்டர்’னு கேட்டேன். தலைய ஆட்டினாரு. முடி அளவு மாறாம கடைஞ்சேன்.”

“நட்டையே கொடுத்திருக்கலாமே, எதுக்கு அச்சு?”

“அதைக் கேட்டேன். ‘லேபுக்குப் பல்லையா கழட்டி அனுப்புவாங்க’ன்னாரு. அவரு வருஷத்துல பேசற நாலு வாக்கியத்துல அது ஒண்ணு.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “அஞ்சு மணிக்கு ஏட்டு வராரு.”

“டாக்டர் உங்க பேரைச் சொன்னாரா?”

“சொல்லல. இல்லைன்னும் சொல்லல. அதான் மேடம் வலிக்குது. ‘அவன் அப்படிப்பட்டவன் இல்ல’ன்னு ஒரு வார்த்தை. அது வரல. தினமும் சாயங்காலம் நான்தான் ரெண்டு டீ வாங்கிட்டுப் போவேன். ஒண்ணும் பேச மாட்டாரு. நான் பேசுவேன், அவர் குடிப்பாரு. எனக்காவது வீட்டுல ஆள் இருக்கு. நான் போகலைன்னா அந்தக் கதவை வேற யார் தட்டப் போறாங்க?”

சர்வேயர் மெல்லக் கேட்டாள். “இடது பக்க முக்காலி யாரோடது?”

பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “டாக்டரோட சம்சாரத்தோடது. பன்னிரண்டு வருஷமாச்சு அவங்க வீட்டை விட்டுப் போய். பஸ்ல மூணு ஸ்டாப் தள்ளித்தான் இருக்காங்க.”

பஸ்ஸில் மூன்று நிறுத்தம். கண்டக்டர் ஜன்னலோரம் உட்காரவில்லை. பழக்கம் விடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூணே ஸ்டாப் மேடம். ஒரு மனுஷன் பன்னிரண்டு வருஷமா மூணு ஸ்டாப் தாண்டல.”

“உங்களுக்கு நேரம் எப்படிப் போகுது கண்டக்டர், இந்த வேலை இல்லாத நாள்ல?”

“போகும்.” வெளியே பார்த்தார். “அம்பது பேருக்கு நடுவுல முப்பது வருஷம் நின்னவன். இப்ப வீட்டுல கதவைச் சாத்தினா நானும் சுவரும். சில நாள் பஸ் ஏறி கடைசி வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருவேன். சும்மா. டிக்கெட் எடுத்துட்டுதான்.”

சர்வேயருக்குத் தன் கைப்பையில் கிடக்கும் சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. அவள் வீட்டுக்கு இரண்டு சாவி. தனியாகத்தான் இருக்கிறாள். இரண்டாவதை யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருடங்கள் போய்விட்டன. அதை அவரிடம் சொல்லவில்லை.

டாக்டரின் மனைவி செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் சின்னக் கூடம் ஒன்றை மாடியில் நடத்தி வந்தார். சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க மேல் தாடை, கீழ் தாடை, வெள்ளை வெளேரென்று.

“இத்தனை வாய் இருக்கு, ஒரு சத்தம் இல்ல,” என்று கண்டக்டர் முணுமுணுத்தார்.

அந்த அம்மாள் மெழுகுக் கத்தியோடு நிமிர்ந்தார். நரைத்த தலை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. விரல் நகங்களில் சிவப்புப் பூச்சு, அங்கங்கே உரிந்து.

“நாங்க பல் டாக்டர் வீட்டுலேருந்து வரோம்,” என்றாள் சர்வேயர். “அவர் கார்ல போறப்ப ஒரு சக்கரம்...”

“இடது முன்னாடியா?”

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அந்த அம்மாளுக்கு உறைத்தது. கத்தி மேஜையில் விழுந்தது.

“அவருக்கு... எப்படி இருக்காரு?”

“காறை எலும்பு முறிஞ்சிருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. எந்தச் சக்கரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்மா?”

அந்த அம்மாள் எழுந்து, கடைசி அலமாரியில் தாடைகளை ஒதுக்கி, பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். பிரித்தார். உள்ளே ஒரு ஹப்பு, அதோடு காதுள்ள நட்டு. பன்னிரண்டு வருடம் மூட்டையில் கிடந்த பொருள் என்று சொல்ல முடியாது. ஒரு துளி துரு இல்லை.

“வருஷா வருஷம் எண்ணெய் போடுவேன்,” என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

சர்வேயர் நட்டை எடுத்துத் திருகிப் பார்த்தாள். நேர் மரை.

“கிளினிக்ல அவர் நாற்காலிக்கு வலது பக்கம், நான் இடது பக்கம். அவர் வாய்க்குள்ள பார்த்துட்டே இடது கையை நீட்டுவார். என்ன கருவி வேணும்னு சொல்ல மாட்டார். விரலை விரிக்கற விதத்துலயே எனக்குத் தெரியும், வைப்பேன். கார் வேலையும் அப்படியேதான். வலது பக்கம் அவர், இடது பக்கம் நான். கையை நீட்டுவார், நான் ஸ்பேனரை வைப்பேன். ஆரம்பத்துல எனக்கு அது எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? பேச்சே வேண்டாத ஜோடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்புறம் வீட்டுலயும் அப்படித்தான்னு ஆச்சு. சாப்பாட்டு மேஜையில, கட்டில்ல, எனக்கு ஜுரம் வந்தப்ப, எங்க அம்மா போனப்ப. எதுக்கும் ஒரு வார்த்தை இல்ல. கை மட்டும்தான் வரும். ஒரு நாள் நான் அந்தக் கையில ஒண்ணும் வைக்கல. அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. கை அப்படியே அந்தரத்துல நின்னுது. அன்னிக்குக் கிளம்பினேன்.”

“இதையும் எடுத்துக்கிட்டு?”

“என் பக்கத்துச் சாமான்னு எடுத்துட்டேன். அடுத்த வாரம் கம்பிச் சக்கரம் மாட்டறதா இருந்தது. இது இல்லாம மாட்ட முடியாது. வந்து கேட்பார்னு நினைச்சேன். ‘கேட்டா வரேன்’னு வாசல்ல நின்னு சொல்லிட்டுதான் வந்தேன்.”

“அவர் கேட்கல. பன்னிரண்டு வருஷம் கழிச்சு வலது பக்கத்து நட்டுக்கு அச்சு எடுத்து, அதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு இடது பக்கத்துல மாட்டிட்டார்.”

“வலது பக்கத்து மரையையா?” அந்த அம்மாளின் குரல் உயர்ந்தது. “அது கழண்டுடுமே! அறிவு வேண்டாம்? இருபது வருஷம் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன திருகினேன்னு ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே!” கோபத்தில் தொடங்கிய வாக்கியம் முடியும்போது வேறு ஏதோவாகிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

“அம்மா, இப்ப அந்தப் பழி லேத் பட்டறைக்காரர் மேல விழுந்திருக்கு,” என்றார் கண்டக்டர். “அஞ்சு மணிக்கு டாக்டர் வாயைத் திறக்கலைன்னா அவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. டாக்டர் வாயைத் திறப்பாரா மாட்டாரான்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

அந்த அம்மாள் நட்டைக் கையில் எடுத்தார். பிறகு துணியில் சுற்றினார்.

“பட்டறைத் தம்பிக்காக வரேன். அவருக்காக இல்ல. அவர் இன்னும் கேட்கல.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம். ஏட்டு முன்கூட்டியே வந்து, நோட்டைத் தொடையில் விரித்து உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் பட்டறைக்காரர். கையில் இரண்டு டீ. பழக்கத்தில் வாங்கிவிட்டார் போலும். உள்ளே போகவும் தெரியாமல், திரும்பவும் தெரியாமல் நின்றார். டாக்டரின் மனைவி அவருக்குப் பின்னால் கதவோரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

சர்வேயர் மூன்று பொருள்களைக் கருவித் தட்டில் வைத்தாள். சாலையில் கிடந்த நட்டு. வலது பக்கத்து நட்டு. மாவு அச்சு.

“டாக்டர், வலது கடைவாய்ப் பல்லுக்கு எடுத்த அச்சை வச்சு இடது பக்கத்துக்குப் பல் கட்டுவீங்களா?”

“மாட்டேன்.”

“இதுக்கு மட்டும் ஏன் கட்டினீங்க?”

நாற்காலி லேசாக முனகியது. “இடது பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது,” என்றார் டாக்டர். “இருபது வருஷம் நான் அந்தப் பக்கம் போனதே இல்ல. போன வாரம் பின் நட்டு வேற திசையில ஏறினப்பகூட ஏன்னு யோசிக்கல.”

“சக்கரம் ஏன் கழண்டுச்சுன்னு உங்களுக்கு எப்பப் புரிஞ்சுது?”

“ஆஸ்பத்திரியில. மேல ஃபேன் சுத்தறதைப் பார்த்துட்டே படுத்திருந்தப்ப.”

ஏட்டு பேனாவை நிறுத்தினார். படியில் நின்ற பட்டறைக்காரர் தலையை நிமிர்த்தினார்.

“அப்பவே தெரியும்,” என்றாள் சர்வேயர். அவள் குரல் உயரவில்லை. “தெரிஞ்சும் ரெண்டு நாளா ஒரு மனுஷரை ஊர் வாயில போட்டு மெல்ல விட்டீங்க. காரணம் சொன்னா, நாலாவது நட்டு எங்கன்னு கேள்வி வரும். அது எங்கன்னு சொன்னா, ஏன் போய்க் கேட்கலைன்னு வரும். அதனால என்னைக் கூப்பிட்டீங்க. ‘பெட்டியைப் பாருங்க’ன்னீங்க. நீங்க தேடச் சொன்னது கழட்டின ஆளை இல்ல டாக்டர். பெட்டியில இல்லாத நட்டை. நானா கண்டுபிடிச்சு, நானா போய், நானா கூட்டிட்டு வந்துடுவேன்னு. இதுவும் கையை நீட்டறதுதான். இந்தத் தடவை நான் ஸ்பேனர்.”

டாக்டரின் முகம் நிறம் மாறியது. ஏட்டின் பக்கம் திரும்பினார்.

“எழுதிக்கங்க. தப்பான நட்டைத் தப்பான பக்கத்துல மாட்டினது நான். இவர் நான் கொடுத்த அச்சைத்தான் கடைஞ்சார். இவர் மேல ஒரு தப்பும் இல்ல.” மூச்சு வாங்கியது. வாசலைப் பார்த்தார். “அன்னிக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுப்பா.”

பட்டறைக்காரர் உள்ளே வந்து ஒரு டீயை டாக்டரின் வலது கைப்பக்கம் வைத்தார். இன்னொன்றைத் தான் குடிக்காமல் ஏட்டிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நாளைக்கு வருவாரா என்று யாருக்கும் தெரியாது.

அவர் விலகிய இடத்தில்தான் டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார்.

சர்வேயர் கண்டக்டரின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் சுவரோரம் நகர்ந்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த கண்டக்டர், வாழ்க்கையில் முதல் முறையாக, சொல்லாமல் விட்டார்.

அந்த அம்மாள் மெல்ல நடந்து நாற்காலியின் இடது புறம் வந்தார். அங்கே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஸ்டூல் இருந்தது. உட்காரவில்லை. நின்றார். துணியைப் பிரித்தார். நட்டு வெளிச்சத்தில் பளபளத்தது.

டாக்டரின் இடது கை, தொட்டில் துணிக்குள், அசைந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் பழகிய விதமாக விரிந்தன. எலும்பு வலித்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. கை எழவில்லை. விரல்கள் மட்டும் துணியின் ஓரத்தில் காத்திருந்தன.

அந்த அம்மாள் அந்த விரல்களைப் பார்த்தார். நட்டை அவற்றில் வைக்கவில்லை. மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

“நில்லு,” என்றார் டாக்டர்.

கைகள் நின்றன.

கழுத்தைத் திருப்ப அவருக்கு வலித்தது. திருப்பினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கமாக, அவர் ஒரு நாளும் திரும்பியதில்லை. உதடு இரண்டு முறை அசைந்து சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மூன்றாவது முறை குரல் வந்தது, பல நாள் பூட்டிய கதவு திறக்கும் ஓசையோடு.

“இந்தப் பக்கம் நான் தனியா உட்கார்ந்து பார்த்துட்டேன். எனக்கு முடியல. நட்டுக்காகக் கேட்கல. நீ வீட்டுக்கு வந்துடு.”